ஏற்றத்தாழ்வு வளர்ச்சியைக் கெடுக்கிறதா? வாதங்களை நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

"ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்தால் வளர்ச்சி படுத்துவிடும்" என்று ஒருவர் எழுதுகிறார். "ஏற்றத்தாழ்வைக் குறைத்தால்தான் வளர்ச்சியே வரும்" என்று இன்னொருவர் எழுதுகிறார். இருவர் கையிலும் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நான் பொருளாதாரம் கற்பிக்கிறேன். என் வகுப்புக்கு வரும் மாணவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை ஏற்கெனவே நம்பிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை மாற்றச் சொல்லி நான் கேட்பதில்லை. அதைச் சோதிக்கச் சொல்கிறேன். சோதிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கென்று ஒரு முடிவு உண்டு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை வேடம் போட விருப்பமில்லை. வளர்ச்சிக்கு உறுதியாகக் கேடு செய்வது, அடித்தட்டில் உள்ள வீடுகள் தங்கள் பிள்ளைகளின் படிப்பிலும் உடல்நலத்திலும் தொழிலிலும் முதலீடு செய்ய முடியாமல் கிடப்பதுதான். உச்சியில் எவ்வளவு குவிகிறது என்ற சண்டையின் சத்தத்தில் இந்த விஷயம் காதில் விழாமலே போய்விடுகிறது. இதை நீங்கள் ஏற்கிறீர்களா என்பதை, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஐந்து வீடுகளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஏற்றத்தாழ்வு பற்றிய செய்தியில் முதலில் கண்ணில் படுவது ஜினி குறியீடு. இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912-இல் தந்தது. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் அது 0. பெரிய மக்கள்தொகையில் மொத்த வருமானமும் ஒருவரிடமே சேர்ந்தால் 1-ஐ நெருங்கும். பெரும்பாலோர் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் ஒரு தாளை எடுத்துக் கையாலேயே போட்டுப் பாருங்கள்.

ஐந்து வீடுகள், மொத்த வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதாக: 4, 8, 12, 16, 60. இவற்றை இதே வரிசையில் −4, −2, 0, 2, 4 ஆகிய எண்களால் பெருக்குங்கள். −16, −16, 0, 32, 240 என்று வரும். கூட்டினால் 240. வீடுகளின் எண்ணிக்கையான 5-ஐ மொத்த வருமானமான 100-ஆல் பெருக்கினால் 500. 240-ஐ 500-ஆல் வகுத்தால் 0.48. இதுதான் ஜினி.

இப்போது வேறொரு சமுதாயம். அங்கும் ஐந்து வீடுகள், அங்கும் மொத்தம் 100. ஆனால் பங்கீடு இப்படி: 1, 2, 17, 36, 44. அதே முறையில் பெருக்கினால் −4, −4, 0, 72, 176. கூட்டுத்தொகை மறுபடியும் 240. ஜினி மறுபடியும் 0.48.

இந்த இரண்டு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சற்று நேரம் பாருங்கள். முதல் சமுதாயத்தில் உச்சி வீடு 60-ஐ அள்ளிக்கொண்டது. ஆனாலும் கீழே உள்ள இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து 12 இருக்கிறது. இரண்டாவதில் உச்சி வீட்டுக்கு 44 மட்டுமே. பணக்காரரின் பங்கு குறைவு, நடுத்தரம் செழிப்பு. ஆனால் கீழ் இரண்டு வீடுகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது வெறும் 3. அந்த வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்களா, நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பார்களா என்ற கேள்விக்கு இரு சமுதாயங்களிலும் ஒரே பதில் கிடைக்கவே கிடைக்காது. ஜினியோ இரண்டையும் ஒரே எண்ணால் குறிக்கிறது.

ஆகவே ஒரு கட்டுரையில் ஜினி மட்டும் இருந்தால், அடுத்தபடியாகக் கடைசி 20 விழுக்காட்டினரின் பங்கையும் கடைசி 40 விழுக்காட்டினரின் பங்கையும் தேடுங்கள். உச்சிப் 10 விழுக்காட்டினரின் பங்கைக் கடைசி 40 விழுக்காட்டினரின் பங்கால் வகுத்தால் கிடைப்பது பால்மா விகிதம். அதுவும் உதவும். இந்த எண்கள் எதுவுமே தராமல் "ஏற்றத்தாழ்வு வளர்ச்சியைக் கூட்டுகிறது" என்றோ "குறைக்கிறது" என்றோ சொல்லும் எழுத்தை நான் பாதி மதிப்போடுதான் படிப்பேன்.

எதன் ஏற்றத்தாழ்வு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாடுகளின் கணக்கு வருமானத்தை அளப்பது. சில நாடுகளின் கணக்கு நுகர்வுச் செலவை அளப்பது. செலவில் தெரியும் இடைவெளி பொதுவாகக் குறுகலாகவே இருக்கும், ஏனென்றால் பணக்காரர் ஈட்டுவதையெல்லாம் செலவழிப்பதில்லை. உலக வங்கிக்காக 1996-இல் நாடுகளின் தரவுகளைத் தொகுத்த டைனிங்கரும் ஸ்கொயரும், செலவுக் கணக்கிலான ஜினியோடு 6.6 புள்ளிகளை (0 முதல் 1 வரையிலான அளவில் 0.066) கூட்டினால்தான் வருமானக் கணக்கோடு ஒப்பிட முடியும் என்று கண்டார்கள். இந்தத் திருத்தம் இல்லாமல் இரு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் வரைபடங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வரிக்கு முன்பா, பின்பா

மறுபங்கீடு பற்றிப் பேச வேண்டுமானால் இரண்டு ஜினிகள் வேண்டும். சந்தை தரும் வருமானத்தின் ஜினி ஒன்று. வரி பிடித்து, ஓய்வூதியமும் உதவித்தொகையும் சேர்த்த பிறகு கைக்கு வரும் வருமானத்தின் ஜினி மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அரசு செய்த மறுபங்கீட்டின் அளவு.

நம் முதல் சமுதாயத்தில் உச்சி வீட்டிடமிருந்து 20 வரியாக எடுத்து, மற்ற நான்கு வீடுகளுக்கும் 8, 6, 4, 2 என்று பிரித்துக் கொடுங்கள். புதிய வரிசை 12, 14, 16, 18, 40. கணக்குப் போட்டால் கூட்டுத்தொகை 120, ஜினி 0.24. சரிபாதியாகக் குறைந்துவிட்டது. வரிசை மாறவில்லை, உச்சியில் இருந்தவரே உச்சியில் இருக்கிறார். அவருக்கு அடுத்த வீட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இன்னும் அவரிடம் இருக்கிறது.

உண்மை உலகில் பிரான்ஸையும் அமெரிக்காவையும் பாருங்கள். 2010-களின் கணக்குப்படி, சந்தை வருமானத்தில் இரண்டுக்கும் ஜினி 0.50-ஐ ஒட்டியே இருந்தது. வரியும் உதவியும் கடந்த பிறகு பிரான்ஸ் 0.30-க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது; அமெரிக்கா 0.39-ஐ ஒட்டி நின்றது. ஒரு எச்சரிக்கை: பிரான்ஸின் முதியவர்களில் பெரும்பாலோர் அரசு ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். சந்தைக் கணக்கில் அவர்கள் வருமானமே இல்லாதவர்களாகத் தெரிவதால் வரிக்கு முந்தைய எண் பெரிதாகிவிடுகிறது. ஆகவே அந்த இடைவெளி முழுவதும் பணக்காரரிடமிருந்து ஏழைக்குப் போனது என்று எண்ணிவிடாதீர்கள். அதில் ஒரு பங்கு, ஒரே மனிதர் இளமையில் கட்டியதை முதுமையில் பெற்றுக்கொள்வது.

எந்த வழியாக என்று கேளுங்கள்

"ஏற்றத்தாழ்வு வளர்ச்சியைப் பாதிக்கிறது" என்று யாராவது சொன்னால், உடனே "எந்த வழியாக?" என்று கேட்க வேண்டும். வழியைச் சொல்ல முடியாதவர் எண்ணை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார் என்று பொருள்.

ஏற்றத்தாழ்வு நல்லது என்போர் சொல்லும் வழிகள் இரண்டு. நிக்கோலஸ் கால்டார் 1950-களில் முன்வைத்தது சேமிப்பு வழி: லாபத்தில் வாழ்பவர்கள் கூலியில் வாழ்பவர்களைவிட அதிகப் பங்கைச் சேமிக்கிறார்கள், சேமிப்பு முதலீடாகிறது, முதலீடு வளர்ச்சியாகிறது. மற்றது ஊக்க வழி: உழைப்புக்கும் துணிச்சலுக்கும் கூடுதல் பலன் கிடைக்காவிட்டால் யார் புதிதாக எதையும் முயல்வார்கள்? இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் வழி, ஒரு நாட்டில் சேமித்த பணம் அந்த நாட்டிலேயே முதலீடாகும் என்று எடுத்துக்கொள்கிறது. மூலதனம் எல்லை தாண்டுவது எளிதாகிவிட்ட காலத்தில் அந்த அனுமானம் மிகவும் மெலிந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்திலும் பல வழிகள் உண்டு. இடைவெளி பெருகினால் வாக்காளர்கள் கனமான வரியைக் கேட்பார்கள், அது முதலீட்டைக் குறைக்கும் என்று அலெசினா, ரோட்ரிக் ஆகியோரும், பெர்சன், தபெல்லினி ஆகியோரும் 1994-இல் தனித்தனியாக வாதிட்டார்கள். அரசியல் கொந்தளிப்பு வழி என்று ஒன்றும் பேசப்படுகிறது. இவற்றை நான் விரைவாகக் கடந்துபோகிறேன், ஏனென்றால் என் பார்வையில் எடைமிக்க வழி வேறு. ஓடெட் கேலோரும் ஜோசப் ஜைராவும் 1993-இல் எழுதியது அது.

ஒரே அளவு அறிவுள்ள இரண்டு பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியின் வீட்டில் படிப்புச் செலவுக்குப் பணம் இருக்கிறது. இன்னொருத்தியின் வீட்டில் இல்லை. கடன் வாங்க வேண்டும். கடன் தருபவர் பிணை கேட்கிறார். நாளை வரப்போகும் சம்பளத்தைப் பிணையாக யாரும் ஏற்பதில்லை. நிலமோ வீடோ வேண்டும். அது இருந்திருந்தால் கடனே தேவைப்பட்டிருக்காது. செலவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் பாதி முடித்த படிப்புக்குப் பாதிச் சம்பளம் கிடைப்பதில்லை. ஆக, அவள் கூலி வேலைக்குப் போகிறாள். அவள் பிள்ளைகளும் அதே இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

இங்கே இழப்பு அவளுடையது மட்டும் என்று எண்ணுவதுதான் பெரிய பிழை. அவள் படித்திருந்தால் பொருளாதாரம் பெற்றிருக்கக்கூடிய உற்பத்தி, செலவைவிட அதிகம். அதாவது லாபமான ஒரு முதலீடு நடக்காமலே போயிற்று. அதே நேரத்தில் வசதியான வீட்டில் திறமை குறைந்த பிள்ளைக்காகப் பணம் கொட்டப்படுகிறது. பணம் தவறான இடத்தில் தேங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது இரக்கத்தால் மட்டும் வரும் கோபம் அன்று, கணக்குத் தெரிந்ததால் வரும் கோபமும்கூட. இந்த வழியில் பார்த்தால் உச்சி வீட்டுக்கு 60-ஆ 44-ஆ என்பதைவிடக் கடைசி வீட்டுக்கு 4-ஆ 1-ஆ என்பதே தீர்மானிக்கிறது.

ஆய்வுகள் ஏன் மோதிக்கொள்கின்றன

ராபர்ட் பேரோ 2000-இல் பல நாடுகளின் தரவைப் பார்த்து, ஏழை நாடுகளில் ஏற்றத்தாழ்வு வளர்ச்சியைத் தடுப்பதுபோலவும் பணக்கார நாடுகளில் ஊக்குவிப்பதுபோலவும் தெரிகிறது என்றார். அதே ஆண்டில் கிறிஸ்டின் ஃபோர்ப்ஸ், பல நாடுகளில் ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுக்கு ஐந்தாண்டு பின்தொடர்ந்து, ஏற்றத்தாழ்வு கூடியபோது அடுத்துவந்த காலத்தில் வளர்ச்சியும் கூடியதைக் காட்டினார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2003-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஏற்றத்தாழ்வு எந்தப் பக்கம் மாறினாலும், கூடினாலும் குறைந்தாலும், அடுத்துவரும் காலத்தில் வளர்ச்சி குறைவதோடு அது சேர்ந்து வருகிறது. தரவில் நேர்க்கோட்டை, அதாவது ஒரே திசையில் போகும் உறவைத் தேடியதே முந்தைய முரண்பாடுகளுக்கு ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம்.

இதைப் படித்துவிட்டு "யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை" என்று கையை விரித்துவிட வேண்டாம். ஒவ்வொரு ஆய்விலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கால அளவு. பள்ளிக்கூடத்தின் வழியாக வரும் பலன் ஐந்தாண்டில் தெரியாது. இன்று முதல் வகுப்பில் சேரும் குழந்தை சம்பளம் வாங்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். ஐந்தாண்டுச் சாளரத்தில் லாபமும் பங்குச் சந்தையும் தெரியும், குழந்தைகள் தெரியமாட்டார்கள். இரண்டாவது, யாருடைய வளர்ச்சி. ரொய் வான் டெர் வெய்டேயும் பிராங்கோ மிலானோவிச்சும் 2018-இல் அமெரிக்க மாநிலங்களின் 1960 முதல் 2010 வரையிலான தரவை எடுத்து, சராசரி வளர்ச்சிக்குப் பதிலாக ஒவ்வொரு தட்டின் வருமான வளர்ச்சியையும் தனித்தனியே பார்த்தார்கள். ஏற்றத்தாழ்வு மிகுந்த இடங்களில் ஏழைகளின் வருமானம் மெதுவாக வளர்ந்தது; பணக்காரரின் வருமானத்துக்கு அந்தப் பாதிப்பு இல்லை. சராசரி என்ற ஒரே எண்ணில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

பன்னாட்டு நிதியத்திலிருந்து (ஐ.எம்.எஃப்) 2015-இல் வந்த ஓர் ஆய்வும் தட்டுத்தட்டாகப் பார்த்தது. உச்சி 20 விழுக்காட்டினரின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் அடுத்த ஐந்தாண்டுகளில் வளர்ச்சி 0.08 புள்ளி குறைவதோடும், கடைசி 20 விழுக்காட்டினரின் பங்கு அதே அளவு கூடினால் வளர்ச்சி 0.38 புள்ளி கூடுவதோடும் சேர்ந்து வந்தது. இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் பலர் ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள்: "சேர்ந்து வந்தது". ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று இந்த வகைக் கணக்கு நிறுவுவதில்லை. காரணம் எதிர்த்திசையிலும் ஓடலாம். வளர்ச்சிதான் முதலில் ஏற்றத்தாழ்வைக் கூட்டிப் பிறகு குறைக்கும் என்று சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் எழுதியபோது, தன் கட்டுரையில் தரவு 5 விழுக்காடு, ஊகம் 95 விழுக்காடு என்று தானே எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வளைகோட்டை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கைவிட்டார்கள்.

மறுபங்கீட்டின் விலை

ஏழைக்குப் பணத்தைக் கொண்டுபோகும் வாளியில் ஓட்டை உண்டு என்று ஆர்தர் ஓகுன் 1975-இல் எழுதினார். நிர்வாகச் செலவு, வரி கட்டுபவரின் ஊக்கம் குறைவது, பெறுபவரின் ஊக்கம் குறைவது என்று வழியில் கொஞ்சம் சிந்தும். எவ்வளவு சிந்தினால் பொறுத்துக்கொள்வீர்கள் என்பது அவர் கேள்வி. நேர்மையான கேள்வி அது. மறுபங்கீட்டை ஆதரிப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2014-இல் பன்னாட்டு நிதியத்தின் ஆஸ்ட்ரி, பெர்க், சாங்கரிடஸ் மூவரும் இந்த விலையைத் தனியாக அளக்க முயன்றார்கள். கைக்கு வரும் வருமானத்தின் ஏற்றத்தாழ்வையும் மறுபங்கீட்டின் அளவையும் ஒரே கணக்கில் தனித்தனியே வைத்தார்கள். ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் வளர்ச்சி வேகமாகவும் நீடித்தும் இருந்தது. மறுபங்கீடு பொதுவாக வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. மிகப் பெரிய அளவில் நடந்த இடங்களில் மட்டும் நேரடிப் பாதிப்புக்குச் சில அறிகுறிகள் இருந்தன.

இதிலிருந்து "எந்த மறுபங்கீடும் நல்லதே" என்று தாவிவிடாதீர்கள். ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது அதன் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள்: பயனாளி கூடுதலாக 100 சம்பாதித்தால் அவர் கையில் எவ்வளவு மிஞ்சும்? வருமானம் ஏற ஏற உதவித்தொகையில் 60 பிடித்துக்கொண்டு, வரியாக 20 போனால், மிஞ்சுவது 20. அதாவது அந்த ஏழை 80 விழுக்காடு வரி கட்டுகிறார். இன்று எந்தக் கோடீசுவரரிடமும் கேட்கத் துணியாத விகிதத்தை அவரிடம் கேட்கிறோம். அதன்பின் அவர் கூடுதல் வேலைக்குப் போகவில்லை என்றால் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். இப்படியொரு திட்டம் வளர்ச்சியைக் குறைத்தால், பழி மறுபங்கீடு என்ற கருத்தின்மேல் அல்ல, அந்த விதியின்மேல் விழ வேண்டும்.

பணம் எங்கே போய் நிற்கிறது என்பதும் முக்கியம். மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோகிரேசா திட்டம், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதையும் குடும்பம் சுகாதார நிலையத்துக்கு வருவதையும் நிபந்தனையாக வைத்துத் தாய்மார்களின் கையில் பணம் கொடுத்தது. இடைநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிடக் கூடுதல் தொகை, ஏனென்றால் அந்த வயதில் படிப்பை விடுவது அவர்களே அதிகம். கேலோரும் ஜைராவும் காட்டிய அதே அடைப்பை நோக்கி வைத்த திட்டம் இது. எரிபொருள் மானியத்தையும் இதையும் "இலவசம்" என்ற ஒரே பெயரில் அடைப்பது கணக்குத் தெரியாத பேச்சு. பெட்ரோல், டீசல் மலிவாவதில் பெரும்பங்கு, நிறைய எரிப்பவருக்கே போய்ச் சேரும்.

சொத்தைப் பிரித்துக் கொடுத்த எடுத்துக்காட்டும் தேடுங்கள். தென்கொரியாவில் 1950-இன் நிலச் சீர்திருத்தம் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்தது. தைவானிலும் 1953-இல் உழுபவருக்கு நிலம் கைமாறியது. இரண்டும் பிறகு பல பத்தாண்டுகள் வேகமாக வளர்ந்தன. ஆனால் அமெரிக்க உதவி, பரவலான கல்வி, ஏற்றுமதிக் கொள்கை என்று வேறு காரணங்களும் அப்போதே இருந்தன. நிலச் சீர்திருத்தமே எல்லாவற்றையும் செய்தது என்று எழுதினால் நீங்களும் எதிராளியின் தவற்றையே செய்கிறீர்கள். அவ்வளவு பெரிய மறுபங்கீடு வளர்ச்சியை முடக்கிவிடவில்லை என்று மட்டும் சொல்லலாம். அதுவே போதுமான செய்தி.

காரணம்தான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால்

அதற்குக் குலுக்கல் முறைப் பரிசோதனை வேண்டும். கென்யாவின் கிராமப்புறத்தில் 653 கிராமங்களை எடுத்து, எந்தக் கிராமங்களுக்குப் பணம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, 10,500-க்கும் மேற்பட்ட ஏழை வீடுகளுக்கு ஒரே முறையாக ஏறக்குறைய 1,000 டாலர் கொடுத்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. வந்து சேர்ந்த பணம் உள்ளூர்ப் பொருளாதாரத்தின் ஆண்டு மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல். சிறிய தூறல் அன்று. பெற்றவர்களின் நுகர்வும் உடைமையும் உயர்ந்தன. பணம் பெறாத வீடுகளும் அக்கம்பக்கத்துத் தொழில்களும்கூடப் பயனடைந்தன. விலைவாசி மிகக் குறைவாகவே ஏறியது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய 2.5 டாலர் செயல்பாட்டை உண்டாக்கியது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இந்த முடிவை எவ்வளவு தூரம் நீட்டலாம்? பணம் வெளியிலிருந்து வந்தது. அந்தப் பகுதியின் பணக்காரரிடம் வரி பிடித்துக் கொடுத்ததில்லை. ஆகவே கொடுக்கும் பக்கத்தின் பலனை இது அளக்கிறது, எடுக்கும் பக்கத்தின் விலையை அளக்கவில்லை. பயன்படாமல் கிடந்த உழைப்பும் கருவிகளும் நிறைய இருந்த இடம் என்பதால் விலை ஏறாமல் உற்பத்தி ஏறியது. எல்லா ஆலைகளும் முழு வேகத்தில் ஓடும் பொருளாதாரத்தில் அதே 2.5-ஐ எதிர்பார்க்க முடியாது. மேலும் அளந்தது சில ஆண்டுகளின் செயல்பாட்டை, தலைமுறை வளர்ச்சியை அல்ல.

இந்த விஷயம் பற்றி நீங்களே எழுத உட்காரும்போது, முதல் பத்திக்கு முன்னால் ஒரு தாளில் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தட்டின் பங்கு, வரிக்கு முன்பா பின்பா, எந்த வழி, எத்தனை ஆண்டு, சேர்ந்து வந்ததா அல்லது உண்டாக்கியதா. ஏதாவது ஒன்று காலியாக இருந்தால், அந்த இடத்தில் உங்கள் வினைச்சொல்லை இறக்கி எழுதுங்கள்; "கூட்டுகிறது" என்பதை விட்டுவிட்டு "கூடியதோடு சேர்ந்து காணப்பட்டது" என்று.